ரைட்டர் மேசையைக் காட்டுங்கள்

குழந்தைகள் தினமான நவம்பர் 14 நெருங்கும்போதும் சாலைப் பாதுகாப்பு மாதம் வரும்போதும் நெல்லைப் பதிப்புப் பத்திரிகைகளில் ஒரு மாதிரிப் படம் கண்ணில் படும். மேசைமேல் துணி விரித்துத் துப்பாக்கிகளைப் பரப்பியிருப்பார்கள். காவல் நிலையத்துக்குச் சுற்றுலா வந்த பிள்ளைகள் பள்ளிச் சீருடையில் சுற்றி நிற்பார்கள். ஒரு பையன் தலையில் இன்ஸ்பெக்டரின் தொப்பி காதுவரை இறங்கிக் கிடக்கும். ஒரு சிறுமி வாக்கி டாக்கியை வாயருகே பிடித்திருப்பாள். லாக்கப்பைப் பார்த்தார்கள், பயம் தெளிந்தார்கள், கிளம்பும்போது சாக்லெட் வாங்கிக்கொண்டார்கள் என்று கீழே நாலு வரி.

இந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு கொள்கை இருக்கிறது. ஆசிரியர், பெற்றோர், அதிகாரி, ரோட்டரிக்காரர் என்று யாரைக் கேட்டாலும் தலையாட்டுகிற கொள்கை. நம் பிள்ளைகள் போலீஸைக் கண்டால் பயப்படுகிறார்கள். பயப்படுகிற பிள்ளை ஆபத்து வந்தால் போலீஸிடம் போகாது. ஆகவே போலீஸ் உன் நண்பன் என்று சொல்லிக்கொடுத்துவிட்டால் பிள்ளை பத்திரமாக இருக்கும். முதல் இரண்டும் சரி. மூன்றாவதுதான் தப்பு. அந்தத் தப்பின் மேல்தான் நம் ஊர்க் குழந்தைப் பாதுகாப்புப் பாடம் முழுவதும் நிற்கிறது.

பயம் இருப்பதை நான் மறுக்கவில்லை. அதை ஊட்டி வளர்ப்பவர்களே நாம்தான். "ஏல, சோத்த முழுங்கப் போறியா, இல்ல போலீஸ்காரன கூப்பிடவா?" என்று மிரட்டாத வீடு தாமிரபரணிக் கரையில் எத்தனை? ஒரு தலைமுறைக்கு முன் பூச்சாண்டி பார்த்த வேலையை இப்போது காக்கிச் சட்டை பார்க்கிறது. ஐந்து வயதுவரை பூச்சாண்டி, ஆறாம் வயதில் பள்ளிச் சுற்றுலாவில் திடீரென்று மாமா என்றால் எந்தப் பிள்ளைதான் நம்பும்? இதில் வாதாட ஒன்றுமில்லை. நிறுத்த வேண்டிய பழக்கம், அவ்வளவுதான்.

நண்பன் கதைக்கு வருவோம். அது புதுசு இல்லை. 1993இல் ராமநாதபுரம் மாவட்டத்தில் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப் ‘காவல்துறை நண்பர்கள்’ அமைப்பைத் தொடங்கினார். தமிழ்நாடு முழுக்கப் பரவியது, வெளியிலும் பேசப்பட்டது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்தார்கள். ஊரடங்கு நேரத்தில் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பது அவர்கள் மேல் சொல்லப்பட்ட குற்றம். அந்த விவகாரத்தில் நண்பர்கள் அமைப்பின் பெயரும் அடிபட, ஜூலையில் அரசு அந்த அமைப்பின் செயல்பாட்டை நிறுத்தியது. கால் நூற்றாண்டுக்கும் மேலான நட்பு, ஓர் உத்தரவில் முடிந்தது.

சாத்தான்குளத்தோடு முடிகிற பட்டியலா இது? 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸை நோக்கிப் போன ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்தியது. ஆற்றுக்குள் விழுந்தும் விரட்டப்பட்டும் 17 பேர் செத்தார்கள். அதில் ஒன்று கைக்குழந்தை. 2023 மார்ச்சில் அம்பாசமுத்திரம் வட்டாரக் காவல் நிலையங்களில் விசாரணைக்குக் கொண்டுபோனவர்களின் பல்லைப் பிடுங்கியதாக உதவிக் கண்காணிப்பாளர் பல்வீர் சிங் மீது குற்றச்சாட்டு எழுந்தது. அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டதை முதல்வரே சட்டமன்றத்தில் அறிவித்தார். சி.பி.சி.ஐ.டி. விசாரித்து வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிற்று.

"இதையெல்லாம் சின்னப் பிள்ளைகளிடம் போய்ச் சொல்வதா?" என்று கேட்பார்கள். யாரும் சொல்ல வேண்டியதில்லை, அவர்களுக்குத் தெரியும். அம்பையில் அந்த மார்ச் மாதம் டீக்கடையிலும் பள்ளி வேனிலும் வேறு என்ன பேச்சு ஓடியது? மாஞ்சோலையை விட்டு இறங்கி வந்த குடும்பத்துப் பிள்ளைக்கு ஆத்துப்பாலத்தில் பஸ் ஏறும்போதெல்லாம் ஆச்சி ஒன்று சொல்லியிருப்பாள். அந்தப் பிள்ளையை நிற்க வைத்து "போலீஸ் உன் நண்பன்" என்று சொல்லும்போது அது போலீஸைப் பற்றி ஒன்றும் கற்றுக்கொள்வதில்லை. பெரியவர்கள் மேடையில் ஒன்று பேசுவார்கள், வீட்டில் ஒன்று பேசுவார்கள் என்பதைத்தான் கற்றுக்கொள்கிறது. நாளைக்கு நிஜமாகவே ஓர் ஆபத்தைப் பற்றி நாம் எச்சரிக்கும்போதும் அதே காதால்தான் கேட்கும்.

அப்படியானால் போலீஸ் எதிரி என்று சொல்லிக்கொடுக்கலாமா? அதுவும் பொய்தான். அதே சாத்தான்குளம் ஸ்டேஷனில் ரேவதி என்று ஒரு தலைமைக் காவலர் இருந்தார். அன்று ராத்திரி நடந்ததைக் கோவில்பட்டி மாஜிஸ்திரேட்டிடம் சாட்சியாகச் சொன்னவர் அவர். அந்த ஸ்டேஷனில், அந்தச் சூழலில், கூட வேலை பார்த்தவர்களுக்கு எதிராக வாய் திறப்பது என்றால் என்ன என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். போலீஸ் வேலை என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குக் காட்ட ஆசைப்படுகிறவர்கள் துப்பாக்கியை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்லியிருக்கலாம். எந்தச் சுற்றுலாவிலும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

நண்பன், எதிரி என்ற கணக்கையே விட்டுவிட்டுப் பேசுவோம். போலீஸ்காரர் சம்பளம் வாங்கிக்கொண்டு, சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, ஒரு வேலையைச் செய்கிறவர். இன்னதைச் செய்தே ஆக வேண்டும், இன்னதைச் செய்யவே கூடாது என்று அவருக்கு எழுதி வைத்திருக்கிறது. நண்பனிடம் ரசீது கேட்க முடியாது. போலீஸிடம் கேட்கலாம். மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது தர வேண்டும். வழக்குப் பதிந்தால் எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார் கொடுத்தவருக்குக் காசு வாங்காமல் தர வேண்டும். வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கைது செய்ய வருகிற அதிகாரி பெயர் தெரிகிற பட்டை அணிந்திருக்க வேண்டும் என்று 1996லேயே டி.கே.பாசு வழக்கில் சொல்லியாயிற்று. மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கும். சட்டைப் பைக்கு மேலே இருக்கிற அந்தப் பெயரைப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதைவிடச் சுலபமான பாதுகாப்புப் பாடம் உண்டா?

இதில் பெரிய வேடிக்கை காக்கிச் சட்டை விஷயம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் அமலுக்கு வந்ததும் ஒரு நவம்பர் 14தான், 2012இல். அதன் 24ஆம் பிரிவு சொல்வது இது: குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்புகிற இடத்திலோ வாங்க வேண்டும். கூடியவரை எஸ்.ஐ. பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி வாங்க வேண்டும். அவர் சீருடையில் இருக்கக் கூடாது. குற்றவாளியாகச் சொல்லப்படுகிறவன் குழந்தையின் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் இரவில் குழந்தையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. 26ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. பேசும்போது அம்மாவோ அப்பாவோ குழந்தை நம்புகிற வேறொருவரோ பக்கத்தில் இருக்க வேண்டும்.

சட்டம் காக்கியைக் கழற்றி வைத்துவிட்டுப் போ என்கிறது. நாமோ காக்கித் தொப்பியைப் பிள்ளை தலையில் மாட்டிப் படம் எடுக்கிறோம். தொப்பிதான் காப்பாற்றும் என்று படித்த பிள்ளை, நாளை மகளிர் ஸ்டேஷனிலிருந்து ஓர் அக்கா சுடிதாரில் வந்து உட்கார்ந்தால் அவரை யாரென்று நினைக்கும்? மஃப்டியில் வரலாம், அம்மா கூட இருக்கலாம், ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதில்லை, ராத்திரி அங்கே இருக்கவே வேண்டாம் என்று அதற்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் பயத்தில் பாதி அங்கேயே போய்விடும். எங்கே கொண்டுபோவார்கள், யார் கேட்பார்கள், அப்பா திட்டுவாரா என்று தெரியாததுதான் பிள்ளையின் வாயைக் கட்டுகிறது. சாக்லெட்டால் அந்த முடிச்சு அவிழாது.

காக்கியை வழிபடச் சொல்லிக்கொடுப்பதில் இன்னொரு கெடுதலும் உண்டு. குலசைத் தசரா சமயத்தில் போலீஸ் வேடம் கட்டுகிறவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. காளி வேடத்துக்குப் பக்கத்திலேயே காக்கி உடுப்பும் வாடகைக்குக் கிடைக்கும். அது வேண்டுதல், தப்பில்லை. ஆனால் உடுப்பு யாருக்கும் கிடைக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். "நாங்க போலீஸ், நகையக் கழத்திப் பைக்குள்ள வைங்கம்மா" என்று பாட்டிகளை ஏமாற்றும் பழைய திருட்டு இன்னும் ஓய்ந்தபாடில்லை. இப்போது வாட்ஸ்அப் வீடியோவில் காக்கி போட்டு உட்கார்ந்து ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டுகிறார்கள். வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், படித்தவர்கள் எல்லாம் ஆயுள் சேமிப்பை அனுப்பிவிட்டு அப்புறம் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு போன் போடுகிறார்கள். இந்திய சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. சட்டைக்குப் பயப்படவும் சட்டையை நம்பவும் பழகியவர்கள், வேலை எப்படி நடக்கும் என்று ஒருநாளும் கேட்டுப் பழகாதவர்கள். அடுத்த தலைமுறையையும் அப்படியே தயார் செய்கிறோம்.

சுற்றுலாவின் இரண்டாம் பாடம் "அந்நியரிடம் பேசாதே, மிட்டாய் கொடுத்தால் வாங்காதே." இதைச் சொல்லிவிட்டு, முன்பின் தெரியாத ஒருவர் மிட்டாய் கொடுப்பார், வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். அதைச் சிரித்து விட்டுவிடலாம். ஆனால் பாடமே கோணல். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளைப் புரட்டினால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான குழந்தைகளின் போக்சோ வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவர் என்றே ஆண்டுக்கு ஆண்டு வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர், சொந்தக்காரர், டியூஷன் எடுப்பவர், வேன் ஓட்டுபவர். மாமா, சித்தப்பா, அண்ணன் என்று நாமே கூப்பிடச் சொல்லிக்கொடுத்தவர்கள். அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் ஊர் பேர் தெரியாதவனைப் பற்றி மட்டும் எச்சரித்தால், ஆபத்து வாசலுக்கு வெளியே இருக்கிறது என்று நம்பிக்கொண்டு பிள்ளை வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

அந்நியர் பயம் வேறு ஒரு விளைவையும் கொண்டுவந்தது. 2018இல் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி கிளம்பியது. அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் குலதெய்வம் கோயிலுக்குப் போன குடும்பம் ஒன்று வழி கேட்க வண்டியை நிறுத்தியது. குழந்தைகளுக்குச் சாக்லெட் கொடுத்த 65 வயது அம்மாவை ஊர் கூடி அடித்துக் கொன்றது. பாதுகாப்புப் பாடம் என்று நினைத்து நாம் கற்றுக்கொடுத்தது என்ன என்பதற்கு அதுவும் ஒரு தேர்வு முடிவுதான்.

நாங்குநேரிக்கு வருவோம். அதைத் தொடாமல் இந்த மாவட்டத்தில் பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றி எழுதுவது ஏமாற்று. 2023 ஆகஸ்ட் 9 ராத்திரி பிளஸ் டூ படித்த தலித் மாணவனை அவனோடு படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அந்நியர் யாருமில்லை. துன்புறுத்தல் தாங்காமல் அவன் பள்ளிக்கே போகாமல் இருந்திருக்கிறான். விஷயம் பள்ளிக்குத் தெரிந்து, ஆசிரியர்கள் விசாரித்த அன்று ராத்திரிதான் அரிவாள் வந்தது. பிள்ளை பெரியவர்களிடம் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு அதைக் காப்பாற்ற வேண்டிய ஏற்பாடுதான் இல்லை. புகார் சொன்னவனுக்கு அன்று மாலையே பாதுகாப்பு தர வேண்டும், யாருக்குத் தகவல் போக வேண்டும், யார் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும் என்று அந்தப் பள்ளியில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. நம்மூர் ஸ்டேஷனில் அவர் யார் என்று எந்தத் தலைமையாசிரியரையாவது கேட்டுப் பாருங்கள். துப்பாக்கி எத்தனை ரகம் என்று வேண்டுமானால் சொல்வார்.

அந்தச் சம்பவத்துக்குப் பின் நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தார்கள். 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். மாணவர்கள் கையில் சாதி அடையாளக் கயிறு கட்டுவதைத் தடை செய்யச் சொன்னதுதான் ஊரெல்லாம் விவாதமானது. பெரிய திருவிழாக்களில் பிள்ளைகள் தொலைந்துவிடாமல் இருக்கப் போலீஸார் பெற்றோரின் செல்போன் எண்ணை எழுதி மணிக்கட்டில் பட்டை கட்டிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். உருப்படியான வேலை, பாராட்டுகிறேன். சில வருஷம் கழித்து அதே மணிக்கட்டில் வேறொரு கயிறு ஏறுகிறது. முதல் பட்டையைக் கட்டினால் படம் எடுத்துப் போடுகிறோம். இரண்டாவதைப் பற்றி ஸ்டேஷனுக்குச் சுற்றுலா வந்த வகுப்பில் யாரும் பேசுவதில்லை. ‘சின்னப் பிள்ளைகளிடம் எதுக்கு சாதியெல்லாம்’ என்பார்கள். அரிவாள் எடுத்தவர்களும் அதே வயதுக்காரர்கள்தான்.

மாணவர் காவல் படைத் திட்டங்களைச் சிலர் பதிலாகக் காட்டுவார்கள். கேரளத்தில் 2010இல் தொடங்கியதை ஒன்றிய அரசு 2018இல் நாடு முழுக்க எடுத்துச் சென்றது. சென்னையில் 2022 செப்டம்பரில் ‘சிற்பி’ வந்தது, 100 பள்ளிகளில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு. கவாத்து, யோகா, போக்குவரத்து விதி எல்லாம் நல்லதுதான். ஆனால் நம்மூரில் பல பெற்றோர் இத்தகைய திட்டத்தை வரவேற்பது வேறு கணக்கில். போலீஸ் பள்ளிக்குள் வந்தால் பையன்கள் அடங்குவார்கள் என்று பார்க்கிறார்கள். நண்பன் வாசல் வழியாகப் பூச்சாண்டியே உள்ளே வருகிறான்.

அங்கேதான் கடைசித் தடையும் நிற்கிறது. "உரிமை, சட்டம் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை கெட்டுப்போகும். ஸ்டேஷன்ல ரெண்டு தட்டு தட்டி விட்டா சரியாயிரும்." மெத்தப் படித்தவர்களும் சொல்கிறார்கள். ட்ரிபிள்ஸ் போய் மாட்டிய 16 வயதுப் பையனைப் பற்றி அவன் அப்பாவே எஸ்.ஐ.யிடம் சொல்வார். சட்டம் என்ன சொல்கிறது? 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டம் அந்த அப்பாவைத்தான் பிடிக்கிறது. சிறுவன் வண்டி ஓட்டி அந்தச் சட்டப்படி குற்றம் செய்தால் அவன் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். ரெண்டு தட்டு தட்டச் சொன்னவருக்கு இது தெரிந்திருந்தால் குரல் கொஞ்சம் தணிந்திருக்கும்.

பையன் பெரிய தப்பே செய்திருந்தாலும் சரி, 18 வயதுக்குக் கீழே என்றால் லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு மாட்டக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அதன்பின் தேவைப்பட்டால் பாளையங்கோட்டைக் கூர்நோக்கு இல்லம். இதைத் தெரிந்துகொண்டால் பையன் திருடப் போய்விடுவானா? தெரியாததால்தான் வீட்டார் வழக்கறிஞரிடம் போகாமல் வட்டச் செயலாளரிடம் ஓடுகிறார்கள். கட்டப் பஞ்சாயத்தில் முடிக்கிறார்கள். அடி வாங்கிய பையன் வெளியே வந்து அடுத்த ஆளை அடிக்கிறான். அடியால் திருந்தும் என்றால் இந்த ஜில்லா எப்போதோ திருந்தியிருக்க வேண்டும். நாம் அந்த வைத்தியத்தில் கஞ்சத்தனம் காட்டியதே இல்லை. சினிமாவிலும்கூட இல்லை. ‘சாமி’ படத்தில் நெல்லைக்கு வந்த போலீஸ் எப்படி நியாயம் செய்தார் என்று பார்த்துக் கை தட்டிய ஊர் இது.

சுற்றுலாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேறு மாதிரி போகலாம் என்கிறேன். துப்பாக்கி பீரோவிலேயே இருக்கட்டும். பிள்ளைகளை நேரே ரைட்டர் மேசைக்குக் கூட்டிப்போங்கள். ஸ்டேஷனின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஒரு பிள்ளை தன் சைக்கிள் காணாமல் போனதாகப் புகார் எழுதட்டும். ரைட்டர் வழக்கமாகக் கேட்கிறதையெல்லாம் கேட்கட்டும்: என்ன கலர், எந்தத் தெரு, பூட்டியிருந்தியா, கடைசியா எத்தனை மணிக்குப் பார்த்தே, யாரு மேல சந்தேகம். "சந்தேகம்" என்றதும் அந்தப் பிள்ளை சண்டைக்காரப் பையன் பேரைச் சொல்லும். அப்போது ரைட்டர் பேனாவை நிறுத்தி, பார்த்தியா, கேள்விப்பட்டியா, சும்மா சொல்றியா என்று மூன்றையும் பிரித்துக் கேட்பார். பெரியவர்களில் எத்தனை பேருக்கு இந்த வித்தியாசம் தெரியும்? முடிவில் சி.எஸ்.ஆர். ரசீதை அச்சடித்துக் கையில் கொடுக்கட்டும். சாக்லெட்டைவிட அது நாள்பட வீட்டில் கிடக்கும்.

பிறகு லாக்கப். காலியாக இருக்கிற நேரம் பார்த்துக் காட்டலாம். உங்களில் யாரையும் இதற்குள் வைக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று அதிகாரி தன் வாயால் சொல்ல வேண்டும். மேலே இருக்கிற கேமராவைக் காட்டி அது யாருக்காக என்று சொல்ல வேண்டும். குழந்தைகள் நலக் காவல் அலுவலர், நலக்குழு, நீதிக் குழுமம் ஆகியோரின் பெயரும் எண்ணும் எல்லாக் காவல் நிலையத்திலும் கண்ணில் படும்படி வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பலகையைப் பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிக்கட்டும். கிடைக்காவிட்டால் அதுவும் பாடம்தான், ஸ்டேஷனுக்கு. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அங்கிருந்தே ஒரு பிள்ளை அழைத்துப் பார்க்கலாம் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் உண்மையிலேயே அழுதுகொண்டு அழைக்கும் குழந்தையின் நேரத்தை எடுத்துக்கொள்ள வேண்டாம். நோட்டில் எழுதினால் போதும்.

எப்படியும் ஒரு பிள்ளை அந்தக் கேள்வியைக் கேட்கும். "சார், நீங்க அடிப்பீங்களா?" வழக்கமாக டீச்சர் பதறிப்போய் வாயைப் பொத்துவார், எஸ்.ஐ. சிரித்து மழுப்புவார், போட்டோகிராபர் எல்லோரையும் வரிசையில் நிற்கச் சொல்வார். இனி அந்தக் கேள்விக்குப் பதில் வாங்காமல் யாரும் வெளியே வரக் கூடாது. அடிக்கக் கூடாது, அடித்தால் நீ இன்னாரிடம் சொல்லலாம், இதுதான் எண் என்று அவர் சொல்ல வேண்டும். அந்த எண் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தினுடையதாக இருக்கலாம், தன் மேலதிகாரியினுடையதாக இருக்கலாம். நேர்மையான அதிகாரிக்கு இதில் ஒரு சங்கடமும் இல்லை. சொல்ல வாய் வராத ஸ்டேஷனுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகவே வேண்டாம். வேன் வாடகையாவது மிச்சமாகும்.